சத்திரத்துக்கு வாங்கிய கடிதம்

மதுரையில் எங்கே தங்குவது என்று முடிவு செய்ய எங்களுக்கு ஒரு மார்கழி மாதம் முழுவதும் ஆயிற்று. தங்கப்போவது இரண்டே இரண்டு ராத்திரி. கலியாணமாகி இரண்டாவது வருஷம். ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம். சிவகாசியில் ஒரு லித்தோ பிரஸ்ஸில் மை கலக்குகிற வேலையில் இருந்தேன். சாமிப் படக் காலண்டர்தான் எங்கள் கம்பெனியின் பெரிய வேலை. காலண்டர் எல்லாம் லோடு ஏறிப் போன பிறகு, தை மாதம் நாலு நாள் மிஷின் ஓயும். அந்த நாலு நாள்தான் எங்களுக்கு வருஷத்தில் உள்ள ஓய்வு.

மதுரைக்குப் போகவேண்டும் என்று கேட்டது என் மனைவி. எங்கள் வரிசை வீட்டில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற ஒரு அம்மாள் இருந்தார்கள். அவர்கள் ஒரு தடவை மதுரையில் கோயிலை ஒட்டின தெருவில் உள்ள சத்திரத்தில் தங்கியிருக்கிறார்கள். விடிகிறதற்கு முன்னால், பாயில் படுத்திருக்கும்போதே கோயில் மணி காதில் விழுந்ததாம். எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு நடந்தால் நூறு எட்டில் கோபுர வாசல். திருவனந்தல் என்கிற முதல் பூசைக்குத் திரை விலகும்போது கூட்டமே இல்லையாம். அம்மனுக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு விளக்கு மட்டும்தானாம். இதைக் கேட்ட நாளிலிருந்து என் மனைவிக்கு அதே நினைவாகிவிட்டது.

பிள்ளை வரம் கேட்கப் போனாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நானும் அப்படித்தான் நினைத்துக் கேட்டேன்.

"என்ன கேக்கப் போற அம்மன்கிட்ட?"

"கேக்கதுக்குன்னு ஒண்ணும் இல்ல. அவ கண்ணு முளிக்கையில நாம எதிர்க்க நிக்கணும். அம்புட்டுதான்" என்றாள்.

தை வெள்ளிக்கிழமை ஒன்றுக்கு அந்த விடியல் வேண்டும் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு, மார்கழி ஒன்றாம் தேதியிலிருந்து கவிச்சியை நிறுத்திவிட்டாள். என்னைத் தவிர ஒருவரிடமும் சொல்லவில்லை.

இப்போது தங்குகிற இடம். பிரஸ்ஸில் ஆளுக்கொன்று சொன்னார்கள். லாட்ஜில் தங்கு, ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கிறது என்றான் மிஷின் ஓட்டுகிறவன். "பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு லாட்ஜுக்குப் போனா, ஊருக்குள்ள திரும்பி வர முடியாதுலே" என்று போர்மேன் அவன் வாயை அடைத்தார். எங்கள் ஊர்க்காரர்கள் பொதுவில் பணம் போட்டுக் கட்டிய சத்திரம் ஒன்று மதுரையில் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது. பொதுக் கணக்குப்பிள்ளையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் மூன்று நாள் இடம் கொடுப்பார்கள். இன்னார் நம் ஊர்க்காரர், குடும்பத்தோடு வருகிறார், இடம் கொடுத்து உதவவும் என்று இரண்டு வரி. கீழே ஒரு முத்திரை. அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் மதுரையில் எனக்கு ஒரு அக்காள் இருந்தாள்.

எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. அக்காளுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான். அத்தானுக்கு மில்லில் வேலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், மில்லுக்குப் பின்னால் வரிசையாக உள்ள வீடுகளில் ஒன்று. உடன்பிறந்தவள் இருக்கிற ஊரில் தம்பி சத்திரத்தில் தங்கினான் என்றால் அந்த வரிசையில் அவள் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? உங்களுக்குள் என்ன தகராறு என்று எல்லாரும் கேட்பார்கள். சண்டை போட்ட குடும்பத்தார்தான் எங்கள் பக்கம் அப்படிச் செய்வார்கள். எங்கள் பக்கத்தில் சொந்தத்தை முறிக்க வாய்ச்சண்டை வேண்டியதில்லை, வேறு இடத்தில் கை நனைத்தாலே போதும்.

கடைசியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். புதன்கிழமை போய் அக்காள் வீட்டில் ஒரு ராத்திரி. வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல், பிரஸ்ஸில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிக் கிளம்பி, நேரே சத்திரம். வெள்ளிக்கிழமை விடியலுக்கு அம்மன். அக்காளும் நோகவேண்டியதில்லை, மனைவிக்கும் ஆசை நிறைவேறும். பெரிய மூளைக்காரன் போல இதை நான் சொன்னபோது என் மனைவி, "சாமி பாக்கப் போறதுக்குப் பொய்யா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சரி என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் நாங்கள் போய் இறங்கியபோது அக்காள் வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே அம்மியில் மசாலை அரைத்து வழித்திருந்தது. தம்பி வருகிறான் என்று வளர்த்த கோழியை அடித்திருந்தாள்.

இலை போட்டாள். என் மனைவி இலைக்கு முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"என்னத்தா அப்பிடிப் பாக்க? மதுரைக் கோளி எறங்காதோ? சிவகாசிக் கோளிதான் எறங்குமோ?" என்று அக்காள் ஒரு கரண்டி அள்ளி வைத்தாள்.

விரதம் என்று ஒரு வார்த்தை என் மனைவி சொல்லியிருக்கலாம். நானாவது சொல்லியிருக்கலாம். அக்காள் பிள்ளைகளுக்குக்கூட நெஞ்செலும்பு வைக்காமல் எங்களுக்காக எடுத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. சாப்பிடு என்று கண்ணைக் காட்டினேன். அவள் சாப்பிட்டாள். மறுசோறு வைத்தபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கை கழுவுகிற இடத்தில் மெதுவாக, "வெள்ளிக்கெளமைக்கு நடுவுல ஒரு நா இருக்கு. தலைக்கு ஊத்திக்கிட்டா அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா" என்றாள். எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள் என்பது பிற்பாடு புரிந்தது.

வியாழக்கிழமை விடியலிலேயே கோயிலுக்குப் போகலாமா என்று நான் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அக்காள் விடவில்லை. "அத்தான் சிப்ட்டு முடிஞ்சு ஏளு மணிக்குத்தான் வருவாக. இருட்டுக்குள்ள ஆத்தக் கடந்து பொம்பளப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கன போவ? காப்பி குடிச்சிட்டு எல்லாருமாப் போவோம்." அப்படியே பத்து மணிக்கு எல்லாருமாகப் போனோம். நல்ல கூட்டம். முன்னால் நின்ற ஒருவருடைய தோளுக்கும் தூணுக்கும் இடையில் அம்மனின் ஒரு கை தெரிந்தது, கிளியோடு. அதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தபோது என் மனைவி கோபுரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வாடவே இல்லை. அவளுக்கு நாளைக்கு விடியல் இருக்கிறதே. நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கடிதம் வேர்வையில் நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். அக்காள் புளிச்சாதம் கட்டினாள், ஊறுகாய் கட்டினாள், என் மனைவிக்குத் தலை நிறையப் பூ வைத்தாள். அத்தான் நைட் சிப்ட்டு பார்த்துவிட்டு வந்த மனிதர், தூங்கவேண்டியவர், சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் பெட்டியைத் தூக்கிச் சைக்கிளில் வைத்தார்.

"நீங்க படுங்க அத்தான். நாங்க போயிக்கிடுதோம்."

"சும்மா வா மாப்ளே. ஒங்கள வண்டியேத்தாமத் திரும்பி வந்தா ஒங்கக்கா என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா."

இது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று இன்றைக்கும் தெரியவில்லை. வந்த சொந்தத்தை வண்டி ஏற்றிவிட்டு, வண்டி நகர்கிற வரை நின்று கையசைத்துவிட்டு வருவதுதானே எங்கள் வழக்கம். நானே எத்தனை பேரை அப்படி ஏற்றிவிட்டிருக்கிறேன். அவ்வளவு யோசித்துப் பொய் சொன்னவன் இதை யோசிக்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் கடைசியாக ஒரு தடவை முயன்றேன். "இங்கனக்குள்ள ஒரு சோலி இருக்கு அத்தான். பாத்துட்டு அடுத்த வண்டிக்குப் போறோம்." என்ன சோலி என்று கேட்டார்.  "மை டப்பா வாங்கணும்" என்றேன். "சிவகாசியில கெடைக்காத மையா மதுரையில கெடைக்கப் போகுது" என்று சிரித்துக்கொண்டே அவர் போய் இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஜன்னலோரம் இடம் பிடித்து, பெட்டியை மேலே ஏற்றி, வாழைப்பழச் சீப்பு ஒன்றை என் மனைவி கையில் கொடுத்தார். வண்டி நகர்ந்தபோது தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசிக்கொண்டே கூட நடந்தார். பிளாட்பாரம் முடிகிற இடத்தில்தான் நின்றார்.

நான் என் மனைவியைப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை.

மதுரையை விட்டால் அடுத்த ஸ்டேஷன் திருப்பரங்குன்றம். வண்டி நின்றது. மலையின் மேல் வெயில் சாய்ந்திருந்தது. என் மனைவி காலடியில் இருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எறங்கிருவமா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"வெளிய போனா பஸ்ஸு கெடைக்கும். இருட்டுறதுக்குள்ள சத்திரத்துக்குப் போயிறலாம். லெட்டர் இருக்குல்ல?"

"அத்தான் அங்கனயே யார்கூடவாவது பேசிக்கிட்டு நிப்பாரு. நம்மளப் பாத்துட்டா?"

"பாக்க மாட்டாக."

"மில்லு ஆளுக மதுர பூராம் இருக்காக. எவனாவது பாத்துட்டு அக்காகிட்டச் சொன்னா?"

 பையை மடியில் வைத்தபடி இருந்தாள். இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ வண்டி நின்றிருக்கும். கார்டு ஊதினார். வண்டி அசைந்தபோது அவள் பையை எடுத்துத் திரும்பவும் காலடியில் வைத்தாள். எழுந்திருக்க என் கால் வரவில்லை. அதைத் தவிர வேறு காரணம் எதுவும் என்னால் சொல்ல முடியாது.

விருதுநகரில் இறங்கி வண்டி மாறும்போதுதான் பேசினாள். "புளிச்சாதம் கெட்டுப் போகும். சாப்புடுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடியுமுன்னே அவள் எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, நாங்கள் அச்சடித்த காலண்டர் அம்மனுக்கு விளக்கேற்றினாள். பிறகு வாசலுக்கு வந்து மதுரை இருக்கிற வடதிசை பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். நான் விழித்திருந்தும் தூங்குகிறவன்போலக் கிடந்தேன். அன்றைக்குப் பகலில் அந்தக் கடிதத்தை நாலாக மடித்து அம்மன் படத்துச் சட்டத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். அடுத்த தைக்குப் போகலாம் என்று எண்ணம்.

அடுத்த தைக்கு மூத்தவள் வயிற்றில் இருந்தாள். அதற்கடுத்த தைக்கு அந்தக் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. பிறகு இரண்டாவது பிள்ளை. ஒரு வருஷம் காலண்டர் ஆர்டர் பிந்தி, தை பிறந்தும் மிஷின் ஓடிற்று. ஒரு வருஷத்துக்கு ஒரு காரணம் இருந்தது, எல்லாம் நிஜமான காரணம்தான். அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பத்து வருஷத்துக்குப் பக்கம் ஓடிவிட்டது. ஒரு பங்குனிப் பொங்கலுக்கு அக்காள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சும்மா உட்காராதவள். சாமிப் படங்களை எல்லாம் இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். சட்டத்துக்குப் பின்னாலிருந்து கடிதம் விழுந்தது. அக்காளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். வாசித்தாள். தேதியையும் வாசித்தாள்.

"ஏலே, இங்க வா. என்ன இது?"

நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அக்காள் முகம் சிவந்தது. "அப்ப பிரஸ்ஸுல ஆள் வரச் சொன்னாகன்னது?"

"பொய்தான்."

"மை டப்பா?"

"அதும் பொய்தான். அத்தான் ஒங்கிட்டயும் சொல்லிட்டாரா?"

"வருசம் பூராம் சொல்லிச் சிரிச்சாக. கோட்டிப்பயலே, அந்தப் பிள்ள விரதம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கோளிய அடிச்சிருப்பனா?" என்றவள் என் மனைவி பக்கம் திரும்பினாள். "ஏத்தா, ஒனக்காச்சும் வாயில்லையா?"

"கொளம்பு ருசியாத்தான் இருந்துச்சு மதினி" என்றாள் என் மனைவி.

அக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், கொஞ்ச நேரத்தில் அதே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். 

"நான் இருவது வருசமா அந்த ஊருல கெடக்கேன்" என்றாள். "ஒரு நா விடியக்காலம் அவ வாசல்ல போயி நின்னிருக்கனா? மில்லுச் சங்கு ஊதுறதுக்கு முன்னால அடுப்பப் பத்தவைக்கவே சரியாப் போச்சு. வாரவகளுக்கெல்லாம் கோயிலக் காட்டுதேன். எல்லாருக்கும் பத்து மணிக்கு. எனக்கும் பத்து மணிக்குத்தான்."

 அக்காளுக்கு நோகக்கூடாது என்றுதான் மனைவியின் விடியலை நான் விட்டுக்கொடுத்தேன். அந்த அக்காளும் அதே விடியலுக்குத்தான் ஏங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். அன்றைக்கு வாயைத் திறந்து சொல்லியிருந்தால் மூன்று பேருமாகச் சத்திரத்தில் படுத்திருக்கலாம்.

அக்காள் கடிதத்தை என் கையில் கொடுத்தாள். "இது இன்னும் செல்லுமாலே?"

"செல்லாது. புதுசு வாங்கணும்."

"அப்ப வாங்கு. ஆடி வெள்ளிக்கு நானும் இவளும் போறோம்."

"ஆடியிலயா? எனக்கு லேபிள் சீசன். தீபாவளி லோடு. அசைய முடியாது. தை வரைக்கும் பொறுத்துக்கோயேன்."

"ஒன்னைய எவன் கூப்புட்டான்? பொறுத்ததெல்லாம் போதும்" என்றாள் அக்காள்.

ஆடி பிறந்தது. கணக்குப்பிள்ளை புதுக் கடிதம் எழுதும்போது, தங்குகிறவர்களில் ஒருத்தி மதுரைக்காரிதான் என்று கேட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஆண் துணை இல்லாமல் இடம் தரமாட்டார்கள் என்பதால் அத்தான் கூடப் போனார். "நம்ம வீடு அங்கனயே இருக்க, சத்திரத்துல கையெழுத்துப் போட்டுப் படுத்த ஆளு மதுரையிலேயே நான் ஒருத்தந்தான் மாப்ளே" என்று பிறகு வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை விடியலில் நான் பிரஸ்ஸில் இருந்தேன். வெடிப் பெட்டிக்கு லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. மணி நாலரை, ஐந்து இருக்கும். மைக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து வடக்கே பார்த்து நின்றேன். உள்ளே மிஷின் சத்தம். தாயே, அவள் வந்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். நான் கூட வராமல் அவளை அனுப்பிவிட்டேனே என்று சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை அவள் திரும்பி வந்தபோது நான் பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"மணி கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"படுத்திருக்கையிலயேவா?"

"எங்கன படுத்தோம்? தூங்கிட்டா மணி தப்பிருமோன்னு நானும் மதினியும் ஒக்காந்தே இருந்தோம்."

"அம்மன்?"

 காலண்டர் படத்தைப் பார்த்தாள். நான் கலக்கிய பச்சை அது. மஞ்சளும் நீலமும் சேர்த்து, வருஷாவருஷம் நான் கூட்டுகிற அம்மன் பச்சை.

"இந்தப் பச்சை இல்ல" என்றாள்.

"பின்ன?"

"இது வெளிச்சப் பச்சை. அவ இருட்டுக்குள்ளருந்து வந்தவ. நனஞ்ச வெத்தல மாதிரி."

அந்தக் காலண்டர் சீசனில் தட்டில் கொஞ்சம் கறுப்பைத் தொட்டுத் தொட்டுச் சேர்த்து, புரூஃப் தாளில் தடவி வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். இல்லை என்றாள். இன்னும் கொஞ்சம் என்றாள். இது சேறு என்று சிரித்தாள். ஐந்தாவதோ ஆறாவதோ தாளைக் கையில் வாங்கியவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தப் பச்சையில் ஒரே ஒரு படம் ஓட்டினேன். மற்றதெல்லாம் முதலாளி சொன்ன பழைய பச்சைதான். இருட்டுச் சாமியை வியாபாரிகள் வாங்க மாட்டார்கள். அந்த ஒரு படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. விடியலில் விளக்கேற்றி அதன் முன்னால் நிற்கும்போது, அவள் கண்ட அம்மனை அவள் கண்ணைக் கொண்டு நானும் காண்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அவள் பக்கத்தில் ஈரத் தலையோடு அந்த வாசலில் நிற்கவேண்டியவன் நான். அந்த இடம் இதை எழுதுகிற நாள் வரை எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசியாக மதுரைக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போனது அக்காள் மகன் கலியாணத்துக்கு. ஆவணி மாதம், லேபிள் சீசன் முடியவில்லை. ஒரு நாள்தான் லீவு. கலியாணச் சாப்பாடு முடிந்ததும் அத்தான் வழக்கம்போல ஸ்டேஷனுக்கு வந்தார். நடை தளர்ந்துவிட்டது, ஆனாலும் வண்டியோடு துண்டை வீசிக்கொண்டு நாலு எட்டு நடந்தார்.

திருப்பரங்குன்றத்தில் வண்டி நின்றது. மலையில் அதே சாய்ந்த வெயில். என் மனைவி காலடியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அக்காள் வீட்டு விசேஷத்துக்கு ஒரு நாள் போய்த் திரும்புகையில் அந்த ஸ்டேஷன் வரும்போதெல்லாம் என்னைக் கேலி செய்ய அவள் அப்படிச் செய்வது வழக்கமாகிவிட்டிருந்தது. நானும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வது வழக்கம்.

அன்றைக்கு நான் எழுந்து நின்றேன். மேலேயிருந்த பெட்டியில் கையை வைத்தேன்.

"என்ன செய்யுதீக?"

"எறங்குவோம். நாளைக்கு வெள்ளிக்கெளமைதான?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி எல்லாம் எங்கேயோ போய்விட்டது. கார்டு ஊதுகிற சத்தம் கேட்டது.

"உக்காருங்க" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "லெட்டர் இல்லாம எவன் எடம் குடுப்பான்? நாளைக்கு லோடு வேற இருக்கு."

உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்தது. அவள் பையைக் கீழே வைக்கவில்லை. விருதுநகர் வரும்வரை அது அவள் மடியிலேயே இருந்தது.